இருபத்தைந்து டிகிரி

பாப்பாரப்பட்டி
6-1-2025

பேராசிரியர் முனைவர் கா. மணிமேகலை அவர்களுக்கு,

சென்னம்மாள் எழுதுவது. ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து, உங்கள் கணக்கு நோட்டைப் பார்த்து எழுதிப் பாஸ் செய்த சென்னம்மாள். இப்போது அங்கன்வாடியில் வேலை பார்க்கிறேன். உங்கள் கல்லூரிக்கு மூன்று முறை போன் செய்தேன். மீட்டிங், மீட்டிங், வெளியூர் என்றார்கள். அதனால்தான் கடிதம்.

என் வீட்டுக்காரர் வீரமணி லாரி டிரைவர். எங்கள் பக்கத்துக் குளுக்கோஸ் ஆலையில் பதினொரு வருடமாகத் தொட்டி லாரி ஓட்டினார். போன வருடம் பிப்ரவரி பதினொன்றாம் தேதி தொப்பூர் இறக்கத்தில், இரண்டாவது வளைவில் வண்டி கவிழ்ந்தது. சாலையோரம் இளநீர் விற்றுக்கொண்டிருந்த ராஜாமணி என்பவர் அதே இடத்தில் இறந்துபோனார். இவருக்குத் தோள்பட்டை உடைந்தது. நாற்பது நாள் சேலம் சிறையில் இருந்து ஜாமீனில் வந்திருக்கிறார். சும்மா கவனக்குறைவு என்று கேஸ் போடவில்லை. ஆள் சாவான் என்று தெரிந்தே ஓட்டினார் என்று பெரிய பிரிவில் போட்டிருக்கிறார்கள். பத்து வருடம் வரைக்கும் உள்ளே போடலாமாம்.

வண்டியில் இருந்த வேகக் கருவி ஆறு மாதமாக வேலை செய்யவில்லை. பார்த்த சாட்சியும் இல்லை. பிறகு எதை வைத்து வேகம் என்கிறார்கள் என்று வக்கீலைக் கேட்டேன். தொட்டி கட்டிய கம்பெனி கொடுத்த ஒரு அறிக்கையை எடுத்துக் காட்டினார். இந்தத் தொட்டி அறுபத்திரண்டு கிலோமீட்டர் வேகத்துக்குக் கீழே கவிழவே கவிழாது, ஆகவே டிரைவர் அதற்கு மேல்தான் வந்திருக்க வேண்டும் என்று அர்த்தமாம். கடைசிப் பக்கத்தில் கையெழுத்து தமிழில் இருந்தது. அந்த 'ம'வை நான் எங்கே பார்த்தாலும் கண்டுபிடிப்பேன்.

அவர் முப்பத்தெட்டில் வந்தேன் என்கிறார். நீங்கள் அறுபத்திரண்டு என்கிறீர்கள். நீங்கள் அந்த வண்டியில் இருந்தீர்களா?

சென்னம்மாள்

*

சென்னை
15-1-2025

அன்புள்ள சென்னா,

போகியன்று உன் கடிதம் கிடைத்தது. 'நீங்கள்' என்று நீ எழுதியது அறைந்த மாதிரி இருந்தது. திட்டுவதென்றால் 'நீ' என்றே திட்டு.

வீரமணிக்கு இப்படி ஆனது எனக்குத் தெரியாது. அந்த அறிக்கை 2017-இல் தொட்டி கட்டும் கம்பெனி கேட்டு நான் எழுதியது. என் முப்பது வருட வேலையே இதுதான். நீளமான சங்கிலி மாதிரி இருக்கும் மூலக்கூறுகள் திரவத்துக்குள் எப்படிச் சுருண்டு கிடக்கின்றன, ஓட்டம் வந்தால் எப்படி நீள்கின்றன என்பதைக் கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டுப் பார்ப்பது. முனைவர் பட்டத்துக்குப் படிக்கும்போது ஒரு கணக்கு முடிய பதினேழு நாள் ஆகும். நடுவில் மின்சாரம் போனால் முதலிலிருந்து. அறுபத்து மூன்று கட்டுரைகள் எழுதிவிட்டேன். ஊரில் யாருக்காவது பயன்பட்டது என்று சொல்லிக்கொள்ள ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது இந்தக் குளுக்கோஸ் தொட்டி.

மரவள்ளி மாவின் சங்கிலியைத் துண்டு துண்டாக வெட்டினால்தான் குளுக்கோஸ் பாகு. பாகு தண்ணீரைவிடக் கனம். அதனால் எடை வரம்புக்காகத் தொட்டியில் முக்கால்கூட நிரப்ப முடியாது. மேலே காலியிடம் இருந்தால் திரவம் ஆடும். சாதாரணத் தொட்டிகளில் அந்த ஆட்டத்தைத் தடுக்க உள்ளே தகடுகள் வைப்பார்கள். உணவுப்பொருள் தொட்டியைக் கழுவ வேண்டும் என்பதால் தகடு இல்லாமல் கட்ட முடியுமா என்று கேட்டார்கள். பாகு அவ்வளவு கெட்டி, முதல் வளைவில் ஆடியது இரண்டாவது வளைவு வருவதற்குள் அடங்கிவிடும், முடியும் என்று கணக்குக் காட்டியது. அதையே பத்திரிகையில் கட்டுரையாக வெளியிட்டபோது, கணக்கை மூன்று பேர் சரிபார்த்தார்கள்.

ஓட்டுகிறவர்கள் தங்கள் வேகத்தைக் குறைத்துச் சொல்வது உலகம் முழுக்க உள்ளது. கோபப்படாதே. என் நம்பரைக் கீழே எழுதியிருக்கிறேன். கூப்பிடு.

மணி

*

பாப்பாரப்பட்டி
24-1-2025

மணி,

கூப்பிட மாட்டேன். போனில் நான் அழுவேன், நீ சமாதானம் சொல்வாய், வைத்த பிறகு ஒன்றும் மிஞ்சாது. எழுதினால் எழுதினது அப்படியே நிற்கும்.

உன் கடிதத்தை அவரிடம் படித்துக் காட்டினேன். ஒரு தோளைத் தூக்க முடியாமல் கட்டிலில் உட்கார்ந்து கேட்டார். பாகு கெட்டி என்கிற இடம் வந்ததும் சிரித்துவிட்டார். ஒரு வருடத்தில் அன்றைக்குத்தான் சிரித்தார். "கெட்டியா? அந்தம்மா எந்தக் கடையில வாங்கிப் பாத்தாங்க? கெட்டியா இருந்தா எப்புடி ஏத்துறது, எப்புடி எறக்குறது? கொதிக்கக் கொதிக்கத்தான் ஏத்துவாங்க. தண்ணி மாதிரி திடுதிடுன்னு வுழும்" என்றார்.

ஆறிப்போனால் இறக்க ஒரு நாள் ஆகுமாம். அதனால் சூடாக ஏற்றி, ஆறுவதற்குள் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும் என்பதுதான் அங்கே சட்டம். மார்கழியில் டிரைவர்கள் தொட்டியில் முதுகை ஒட்டிக்கொண்டு நிற்பார்கள். இவர் குளித்துவிட்டு ஈரத்துண்டைத் தொட்டி மேல் கட்டிவிட்டுக் கிளம்புவார். தருமபுரி தாண்டுவதற்குள் மொடமொடவென்று காய்ந்திருக்கும். இந்த ஊரில் உள்ள எல்லாருக்கும் தெரிந்த சங்கதி இது. உன்னைச் சரிபார்த்த அந்த மூன்று பேருக்கும் தெரியவில்லையா? நீயாவது இந்த ஊர்க்காரி ஆயிற்றே. அறுபத்து மூன்று கட்டுரை எழுதினவளுக்கு ஆலையில் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லையா?

ஏப்ரல் இருபத்திரண்டு விசாரணை.

சென்னா

*

சென்னை
9-2-2025

சென்னா,

இரண்டு வாரமாகப் பதில் எழுதாததற்குக் காரணம் உண்டு. பழைய கோப்புகளை எடுத்துப் பார்த்தேன்.

நான் ஆலைக்கு வந்திருந்தேன். 2017 ஜூன். உன்னை வந்து பார்க்காமலே திரும்பிவிட்டேன், அது வேறு வெட்கம். வால்வைத் திறந்து ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பாகு பிடித்துக் கொடுத்தார்கள். கையில் வாங்க முடியவில்லை. கைக்குட்டையில் சுற்றித்தான் வாங்கினேன். அவ்வளவு சூடு.

பிறகு நான் செய்ததைச் சொல்கிறேன். அதை ஆறவிட்டேன். பத்திரமாக மூடி, சென்னைக்குக் கொண்டுவந்து, குளிர்சாதன அறையில் ஒரு நாள் வைத்து, இருபத்தைந்து டிகிரியில் அளந்தேன். எங்கள் துறையில் எல்லாவற்றையும் இருபத்தைந்தில்தான் அளப்போம். அப்போதுதான் என் எண்ணையும் வேறொருவர் எண்ணையும் ஒப்பிட முடியும். அது பழக்கம். கை சுட்டது, ஆனால் மூளைக்கு எட்டவில்லை. கட்டுரையில் சூடு என்ற சொல்லே இல்லை. சரிபார்த்த மூன்று பேரும் இருபத்தைந்து என்று பார்த்ததும் திருப்தியாகிவிட்டார்கள்.

சூடான பாகுக்கு மறுபடி கணக்குப் போட வேண்டும். முதல் வளைவில் எழுந்த ஆட்டம் அடங்காமல் இரண்டாவது வளைவின் ஆட்டத்தோடு சேர்ந்துகொண்டால் விடை வேறாக இருக்கும் என்று பயமாக இருக்கிறது. அதற்கு ஒரு விவரம் வேண்டும். இறக்கத்தில் அவர் எந்த கியரில் வந்தார்? வேகம் வளைவுக்குள் குறைந்ததா, கூடியதா என்பது அதில்தான் இருக்கிறது.

இந்தக் கடிதத்தை வக்கீலிடம் காட்டாதே. கெஞ்சிக் கேட்கிறேன். என் பேரை நம்பிப் பதினான்கு தொட்டிகள் ஓடுகின்றன. இதில் என் மாணவர் இருவரின் பட்டமும் சிக்கியிருக்கிறது. எனக்குத் தெரிந்த நல்ல வழக்கறிஞர் சென்னையில் இருக்கிறார், நான் ஏற்பாடு செய்கிறேன். வேறு வழியில் முடிக்கப் பார்ப்போம்.

மணி

*

பாப்பாரப்பட்டி
16-2-2025

மணி,

உன் வழக்கறிஞர் வேண்டாம். எங்களுக்குப் பச்சியப்பன் வக்கீல் போதும். வேறு வழி என்று எழுதியிருக்கிறாயே, உனக்கு எது வழி, எங்களுக்கு எது வழி?

ராஜாமணியின் பெண்டாட்டியை வாரச்சந்தையில் பார்த்தேன். ஒதுங்கிப் போகலாம் என்று திரும்பினேன். அந்தம்மாவே வந்து, "உங்கூட்டுக்காரரு குடிச்சிருந்தாராங்க?" என்று கேட்டது. குடிக்கவில்லை என்றேன். "அப்பறம் ஏனுங்க அப்புடி வந்தாரு?" என்றது. நான் என்ன பதில் சொல்லட்டும்? சென்னையில் ஒரு பாட்டில் ஆறிப்போனது என்றா?

உன் எழுத்து இப்போது என் கையில் இருக்கிறது. நாளைக் காலை பஸ் ஏறினால் பத்து மணிக்கு வக்கீல் மேசையில் இருக்கும். சென்னா அப்படிச் செய்ய மாட்டாள் என்று நம்பி உட்கார்ந்திருக்காதே.

சென்னா

*

சென்னை
3-3-2025

சென்னம்மாள்,

மிரட்டுகிறாய். சரி, கொடு. உன் உரிமை.

ஆனால் நான் கேட்ட ஒரே கேள்விக்கு நீ பதில் எழுதவில்லை. எந்த கியர்? மறந்துவிட்டாய் என்று முதலில் நினைத்தேன். உன் கடிதத்தை நான்கு முறை படித்த பிறகு அப்படி நினைக்க முடியவில்லை. துண்டு காய்ந்ததைக்கூட எழுதுகிறவள் கியரை மறப்பாளா?

இந்த மாதம் 28-ஆம் தேதி டெல்லியில் எனக்கு ஒரு விருது கொடுக்கிறார்கள். வாழ்நாள் பணிக்கு. பாராட்டுரையில் அந்தத் தொட்டி வேலையும் ஒரு வரி வருகிறது. ஆய்வு சாமானியனுக்குப் பயன்பட்டதற்கு உதாரணமாம். அந்த வரியை எடுத்துவிடச் சொல்லிக் கடிதம் எழுதி, அனுப்பாமல் வைத்திருக்கிறேன். எனக்குத் தூக்கமே இல்லை. இதையெல்லாம் உன்னிடம் சொல்வதற்கு எனக்கு என்ன தகுதி என்று கேட்பாய். வேறு யாரிடம் சொல்வது?

மணிமேகலை

*

பாப்பாரப்பட்டி
20-3-2025

மணி,

கடிதத்தை வக்கீலிடம் கொடுக்கவில்லை. உன் மேல் இரக்கப்பட்டு அல்ல. நீ ஒத்துக்கொண்ட அதே தாளில்தான் கியர் என்ற கேள்வியும் இருந்தது. வக்கீல் படித்ததும் அதைத்தான் முதலில் கேட்பார். அந்தக் கேள்விக்குத் தெரிந்துதான் பதில் எழுதாமல் விட்டேன்.

நியூட்ரல்.

தொப்பூரில் இறங்கும்போது நியூட்ரலில் விடுவார்கள். டீசல் மிஞ்சும். ஆலையில் இத்தனை லிட்டருக்குள் போய் வர வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். மிச்சம் காட்டுகிற டிரைவருக்குத்தான் அடுத்த லோடு. கியரில் இறங்குங்கள் என்று போர்டு வைத்திருக்கிறது, போலீசும் சொல்கிறது. இவரும் அதைப் படித்துக்கொண்டேதான் இறங்குவார். நான் எத்தனை முறை சண்டை போட்டிருக்கிறேன். "எல்லாரும் வுடுறாங்க சென்னா. பதினோரு வருசமா வுடுறேன், என்னாச்சு?" என்பார்.

அன்றைக்கு இரவு ஆஸ்பத்திரியில், மயக்கம் தெளிந்ததும் என் காதில் சொன்ன முதல் பேச்சே அதுதான். "நியூட்ரல்ல வந்தேன், வெளிய சொல்லாத." முப்பத்தெட்டு என்பது நானும் அவரும் சேர்ந்து வைத்த எண். அதை நம்பி நம்பி எனக்கே அது நிஜமாகிவிட்டது. உன்னைக் கேட்டேனே, நீங்கள் அந்த வண்டியில் இருந்தீர்களா என்று. நானும் இருக்கவில்லை.

நீ ஆறவிட்டாய், அவர் நியூட்ரலில் விட்டார். நடுவில் செத்தது ராஜாமணி.

இனி இந்தக் கடிதம் உன் கையில் இருக்கிறது. நீயும் யாரிடம் வேண்டுமானாலும் காட்டலாம்.

சென்னா

*

சென்னை
12-4-2025

சென்னா,

டெல்லிக்குப் போனேன். மறுத்துவிட்டேன் என்று எழுதத்தான் ஆசை. மறுக்கவில்லை. உன் கடிதம் கைப்பையில் இருந்தது. அந்த வரியைப் படித்தார்கள், எல்லாரும் கை தட்டினார்கள், நான் குனிந்து சால்வை வாங்கிக்கொண்டேன். என்னை நீ எப்படி வேண்டுமானாலும் நினைத்துக்கொள்.

திரும்பி வந்ததும் கணக்கை ஓடவிட்டேன். பாகு அறுபத்தெட்டு டிகிரி. தொட்டி மூன்றில் இரண்டு பங்கு. நியூட்ரலில் வந்தால் வளைவுக்குள்ளும் வேகம் ஏறும், அதையும் சேர்த்தேன். ஒன்பது நாள் ஓடியது. முதல் வளைவில் பாகு இடப்பக்கம் ஏறி, வலப்பக்கம் திரும்பி வரும்போது, இரண்டாவது வளைவில் அதே வலப்பக்கம் தள்ளுகிற விசையோடு சேர்ந்து அடிக்கிறது. சக்கரம் தூக்கிக்கொள்கிற வேகம் நாற்பத்து நான்கு. நாற்பதுவரை எத்தனை முறை ஓட்டியும் கவிழவில்லை.

அதனால் அவர் முப்பத்தெட்டில் வரவில்லை. அறுபத்திரண்டிலும் வந்திருக்கத் தேவையில்லை. உங்கள் எண்ணும் பொய், என் எண்ணும் பொய். நாற்பத்து நான்கு, நாற்பத்தைந்தில் வந்த ஒருவருக்குத் தன் தொட்டி கவிழும் என்று தெரிய வழியே இல்லை. அதைச் சொல்லியிருக்க வேண்டியவள் நான், நான் மாற்றிச் சொன்னேன்.

22-ஆம் தேதி பொம்மிடியில் ரயில் இறங்கி நேராகக் கோர்ட்டுக்கு வருகிறேன். வக்கீல் பச்சியப்பனிடம் பேசிவிட்டேன். என் கட்டுரையைத் திரும்பப் பெறுவதாகப் பத்திரிகைக்கும், தொட்டிகளை நிறுத்தச் சொல்லிக் கம்பெனிக்கும் எழுதிவிட்டேன். கம்பெனி என் கல்லூரிக்குப் புகார் அனுப்பியிருக்கிறது.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். கூண்டில் நிற்கும்போது என்னிடம் கியர் பற்றிக் கேட்பார்கள். தெரியாது என்று சொல்ல என்னால் முடியாது. நான் சொல்வதற்கு முன்னால் அவரே சொல்லிவிடட்டும். நீதான் அவரிடம் பேச வேண்டும்.

மணி

*

பாப்பாரப்பட்டி
4-8-2025

மணி,

அன்றைக்குக் கோர்ட்டில் உன்னிடம் இரண்டு வார்த்தை பேச முடியவில்லை. நீ கூண்டிலிருந்து இறங்கி நேராக வாசலுக்குப் போய்விட்டாய். "அப்படியானால் 2017-இல் நீங்கள் எழுதியது தவறா?" என்று அரசு வக்கீல் மூன்று விதமாகக் கேட்டும், மூன்று முறையும் "தவறு" என்றாய். பள்ளியில் ஒரு கணக்கு தப்பானால் நாள் முழுக்கச் சாப்பிட மாட்டாய், எனக்குத் தெரியும்.

தீர்ப்பு போன வியாழக்கிழமை வந்தது. பெரிய பிரிவு நிற்கவில்லை. கவனக்குறைவு மட்டும் நின்றது. ஒரு வருடம், இருந்த நாற்பது நாள் போக மீதி. நீதிபதி கேட்பதற்கு முன்னாலேயே அவர் கையைக் கட்டிக்கொண்டு, "நியூட்ரல்ல வந்ததுங்க. முப்பத்தெட்டுன்னது பொய்யிங்க" என்று சொன்னதையும் தீர்ப்பில் எழுதியிருக்கிறார்கள். சிறைக்குப் போகும்போது என்னைப் பார்த்து, "இப்பத்தான் தூக்கம் வரும் போல" என்றார். எனக்கு வரவில்லை. அவர் மேலும் கோபம், உன் மேலும் கோபம். பத்து வருடம் ஒரு வருடமானதற்கு நன்றி சொல்ல வேண்டும், சொல்கிறேன். கோபமும் அப்படியே இருக்கிறது. இரண்டையும் வாங்கிக்கொள்.

எழுத உட்கார்ந்தது இதற்காக அல்ல. வெள்ளிக்கிழமை அங்கன்வாடி வாசலில் நின்றிருந்தேன். அதே மாதிரித் தொட்டி லாரி ஒன்று ஆலைப் பக்கமிருந்து வந்தது. கை காட்டி நிறுத்தினேன். தொட்டியைத் தொட்டுப் பார்த்தேன், சுட்டது. டிரைவர் புது ஆள், முருகேஷ் என்று பேர். "உள்ள தகடு இருக்குதா?" என்றேன். "தெரியலைங்க அக்கா, ஏன்?" என்றார். கோர்ட்டில் நடந்தது எதுவும் அவருக்குத் தெரியாது. கம்பெனி ஒரு தொட்டியைக்கூட நிறுத்தவில்லை, மணி. உன் கடிதம் அங்கே ஏதோ கோப்பில் கிடக்கிறது.

உன் இங்கிலீஷ் கட்டுரையைத் திரும்பப் பெற்றால் முருகேஷுக்கு என்ன தெரியும்? ஒரு பக்கத்தில் தமிழில் எழுது. டிரைவர் ஸ்டியரிங்கில் கை வைத்துக்கொண்டே படிக்கிற மாதிரி. நான் நகல் எடுத்து ஞாயிற்றுக்கிழமைகளில் தொப்பூர் டீக்கடையில் நின்று கொடுக்கிறேன். ராஜாமணியின் பெண்டாட்டியும் வருகிறேன் என்றிருக்கிறது.

சென்னா

*

சென்னை
11-8-2025

சென்னா,

மூன்று நாளில் ஒன்பது முறை எழுதிக் கிழித்தேன். இவ்வளவு சிரமப்பட்டு நான் எதையும் எழுதியதில்லை. கல்லூரி என்னை விசாரணை முடியும்வரை வகுப்பெடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டது, அதனால் நேரம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை நானும் வருகிறேன். புரியாத இடம் இருந்தால் அடித்து மாற்று. இதோ:

'குளுக்கோஸ் தொட்டி லாரி ஓட்டும் அண்ணன் தம்பிகளுக்கு. உங்கள் தொட்டியைத் தொட்டுப் பாருங்கள். சுட்டால் உள்ளே இருக்கும் பாகு தண்ணீர் மாதிரி ஆடும். உள்ளே தடுப்புத் தகடு இல்லையென்றால் அந்த ஆட்டத்தை நிறுத்த எதுவும் இல்லை. முதல் வளைவில் ஆடியது இரண்டாவது வளைவில் சேர்ந்து அடிக்கும். 44-இல் வண்டி கவிழும். கவிழப்போவது உங்களுக்கு முன்கூட்டித் தெரியவே தெரியாது. 30-க்கு மேல் போகாதீர்கள். நியூட்ரலில் விடாதீர்கள். டீசல் கூடியது என்று ஆலையில் கேட்டால் இந்தத் தாளைக் காட்டுங்கள், என்னிடம் பேசச் சொல்லுங்கள். போன் நம்பர் கீழே இருக்கிறது.

இந்தத் தொட்டி 62 வரை கவிழாது என்று 2017-இல் கணக்குப் போட்டுக் கையெழுத்துப் போட்டவள் நான். அந்தக் கணக்கு தவறு. அதை நம்பிக் கட்டிய வண்டியில்தான் ராஜாமணி என்பவர் செத்துப்போனார்.

கா. மணிமேகலை, பாப்பாரப்பட்டி.'